பைக் ஏற்றும் பலகையும் நம் பிள்ளைகளின் முழங்காலும்



இது அரசியல் பதிவு இல்லை. பரீட்சை முடிவு பற்றியதும் இல்லை. லொறியில், பட்டாவில் மோட்டார் சைக்கிள் ஏற்றும் பலகையைப் பற்றியது. "இதுக்கெல்லாம் ஒரு பதிவா சேர்?" என்று கேட்கத் தோன்றும். வீட்டில் ஒரு பைக்கும் அதைத் தள்ளுகிற வயதில் ஒரு பிள்ளையும் இருக்கிறவர்கள் மட்டுமாவது கடைசிவரை வாசியுங்கள். அப்படிப் பார்த்தால் நம் மாவட்டத்தில் அநேகமாக எல்லா வீடும் இதில் அடங்கிவிடும்.

நான் சொல்ல வருவது ஒரே விஷயம்தான். அந்தப் பலகை பைக்குக்காக இல்லை, பைக்கைத் தள்ளுகிற மனிதனுக்காக. அதை மனிதனைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நல்ல பலகை ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கத் தேவையில்லை, ஆனால் ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

நம் பக்கத்தில் பைக் லொறியில் ஏறுவது அபூர்வமான காரியம் இல்லை. கொழும்புப் பக்கம், குருநாகல் பக்கம் பழைய பைக் வாங்குகிறவர்கள் அதை ஓட்டிக்கொண்டு வராமல் சாமான் லொறியில் போட்டு அனுப்புகிறார்கள். இடமாற்றம் கிடைத்த ஆசிரியர், கட்டில், அலுமாரி, குளிர்சாதனப் பெட்டியோடு தன் பைக்கையும் ஒரே லொறியில் ஏற்றுகிறார். வயலுக்குப் போன இடத்தில் என்ஜின் நின்றுவிட்டால் உழவு மெஷின் பெட்டியில் ஏற்றிக் கொண்டு வருகிறோம். விபத்தில் அடிபட்ட பைக்கை கராஜுக்குக் கொண்டுபோக பட்டாவைக் கூப்பிடுகிறோம். கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டை, திருமலை டவுன், எங்கே போனாலும் இது நடக்கிறது.

எப்படி ஏற்றுகிறோம்? றோட்டில் போகிற நாலு பேரைக் கூப்பிடுவோம். இல்லாவிட்டால் பக்கத்தில் கட்டட வேலை நடக்கிற இடத்தில் கிடக்கிற சாரப் பலகையை இழுத்து வருவோம். ஒரு முனையைப் பெட்டியில் சாய்ப்போம். "பிடி, தள்ளு, விடாதே!" அவ்வளவுதான் நம் ஏற்பாடு. நூற்றில் தொண்ணூறு தடவை ஒன்றும் நடக்காது. அந்தத் தொண்ணூறு தடவையும் நமக்குத் தைரியத்தை மட்டும் கற்றுத் தருகிறது, வேறு எதையும் கற்றுத் தருவதில்லை.

சில மாதங்களுக்கு முன் எங்கள் பக்கத்தில் ஒரு பையன் வாங்கிய பைக்கை லொறியிலிருந்து இறக்கும்போது பலகை வழுக்கியது. பைக் அவன் மேல் சாய்ந்தது, முழங்காலுக்குக் கீழே எலும்பு போனது. பைக்குக்கு ஒரு கண்ணாடியும் ஒரு சிக்னல் விளக்கும்தான் உடைந்தன. கண்ணாடியை அடுத்த நாளே மாற்றிவிட்டார்கள். அவன் மீண்டும் வேலைக்குப் போக மாதங்கள் ஆனது. அவன் நாட்கூலிக்குப் போகிறவன். வேலை இல்லாத நாளுக்கு அவனுக்குச் சம்பளம் இல்லை. அந்த மாதங்களில் அந்த வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று பக்கத்து வீட்டாருக்குத்தான் தெரியும்.

இதை "நஸீப்" என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய ஹதீஸ் இந்த ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல். அந்தப் பலகை கட்டப்படவில்லை.

*கணக்கைப் பார்ப்போம்*

விஞ்ஞான பாடத்தில் எளிய பொறிகள் என்று படித்திருப்பீர்கள். நெம்பு, கப்பி, சில்லும் அச்சாணியும், அவற்றோடு சாய்தளம். பரீட்சைக்குப் படித்து மறந்துபோன அந்தச் சாய்தளம்தான் இந்தப் பலகை. அதன் கணக்கு கஷ்டமானது இல்லை. ஏற்ற வேண்டிய உயரத்தைப் பலகையின் நீளத்தால் வகுத்து, வரும் எண்ணைப் பைக்கின் எடையால் பெருக்குங்கள். ஏறத்தாழ எத்தனை கிலோவை நீங்கள் தள்ள வேண்டும் என்பது கிடைக்கும். உராய்வுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

நம் றோட்டில் ஓடுகிற 150 சீசீ பல்சர் ஏறக்குறைய 145 கிலோ. ஸ்கூட்டர்கள் 100 கிலோவுக்குச் சற்று மேலே. ரோயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 என்றால் 195 கிலோ. கணக்குக்கு வசதியாக 150 கிலோ பைக் என்றும், பட்டாவின் பெட்டி தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் என்றும் வைத்துக்கொள்வோம்.

5 அடிப் பலகை என்றால் 75 கிலோவைத் தள்ள வேண்டும். 6 அடி என்றால் ஏறக்குறைய 63 கிலோ. 8 அடி என்றால் 47 கிலோ. 10 அடி என்றால் 38 கிலோ கூட இல்லை.

5 அடிக்கும் 10 அடிக்கும் உள்ள வித்தியாசம் சரிபாதி. அந்தப் பாதி எடை யாருடைய முதுகிலிருந்து இறங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். பெரிய லொறி என்றால் பெட்டி மூன்றரை அடி உயரத்தில் நிற்கலாம். அப்போது அதே 8 அடிப் பலகையில் தள்ள வேண்டியது 66 கிலோ ஆகிவிடும். பட்டாவுக்குச் சரியாக இருந்த பலகை லொறிக்குச் சரியாக இருக்காது. "போன தடவை இதே பலகையில்தானே ஏத்தினோம்" என்பது பதில் இல்லை. போன தடவை வந்தது எந்த வாகனம் என்று கேளுங்கள்.

இன்னொரு ஒப்பீடு. சக்கர நாற்காலிக்குக் கட்டுகிற சாய்தளத்தில் ஒரு அடி ஏறுவதற்கு 12 அடி நீளம் வைப்பதுதான் முறை. நாம் பைக்கை ஏற்றுகிற 8 அடிப் பலகையில் ஒரு அடி ஏறுவதற்கு இருப்பது மூன்று அடியும் சொச்சமும். நல்ல பலகை என்று நாம் சொல்வதே செங்குத்தானதுதான். அதையும் சுருக்கி 5 அடியில் ஏற்றுவது என்றால் அது ஏற்றுவது இல்லை, தூக்குவதுதான்.

*காலுக்கு இடம் வேண்டும்*

பைக்கின் எடையை மட்டும் கணக்குப் பார்க்கிறவர்கள் மறந்துபோவது இதைத்தான். பைக் பலகையில் ஏறுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு போகிறவன் எதில் ஏறுகிறான்? பத்து அங்குலப் பலகையில் டயர் போனால் அவன் காலுக்கு இடம் இல்லை. அவன் தரையில் நிற்கிறான். பைக் ஏற ஏற ஹெண்டில் அவன் நெஞ்சுக்கு வருகிறது, பிறகு தோளுக்கு, பிறகு தலைக்கு மேலே. கடைசி இரண்டு அடியில், பிடி அதிகமாகத் தேவைப்படுகிற நேரத்தில், அவன் கை எட்டாத இடத்துக்குப் பைக் போய்விடுகிறது. பெரும்பாலான பைக்குகள் விழுவது அந்த இடத்தில்தான்.

எகிப்தில் ஹத்நூப் என்ற இடத்தில் பழைய கல் குவாரி ஒன்று இருக்கிறது. பெரிய பிரமிட்டைக் கட்டிய கூஃபு மன்னர் காலத்துச் சாய்தளம் ஒன்றை ஆய்வாளர்கள் அங்கே கண்டுபிடித்தார்கள். 2018 இல் அந்தச் செய்தி வெளியானது. நாலாயிரத்து ஐநூறு வருஷப் பழசு. நடுவில் கல்லை இழுக்கிற சரிவு. அதன் இரண்டு பக்கமும் மனிதர்கள் ஏறுவதற்குப் படிக்கட்டு. கயிற்றைச் சுற்றிப் பிடிக்கக் கம்பங்கள் நட்ட குழிகள். சுமைக்கு ஒரு வழி, மனிதனுக்கு வேறு வழி என்று அந்தக் காலத்திலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். பிர்அவ்ன்களின் நாடு என்றால் நமக்கு நினைவுக்கு வருவது வேறு. ஆனால் அந்தக் கல் குவாரியில் வேலை வாங்கியவனுக்குத் தெரிந்தது, இன்று நம் ஊரில் 145 கிலோ பைக்கை ஒற்றைப் பலகையில் ஏற்றுகிற நமக்குத் தெரியவில்லை.

ஆகவே பலகை ஒன்று போதாது. இரண்டு வேண்டும், மூன்று இருந்தால் இன்னும் நல்லது. நடுவில் பைக், பக்கத்தில் ஆள். பக்கத்துப் பலகையில் குறுக்குச் சட்டங்கள் அடித்துவிட்டால் அதுவே படி. அதற்கும் வசதி இல்லை என்றால் பெட்டிக்குப் பக்கத்தில் பலமான ஒரு மேசையோ சீமெந்துக் கல் அடுக்கோ இருக்கட்டும். பைக் பாதி ஏறியதும் கால் வைத்து ஏற அது உதவும். பிளாஸ்டிக் கதிரை வேண்டவே வேண்டாம்.

*மரமா, இரும்பா, அலுமினியமா?*

மரம் மலிவு, கையில் இருக்கிறது. ஆனால் தடிப்பைப் பாருங்கள். ஒரு அங்குலப் பலகையைவிட அதே அகலமுள்ள இரண்டு அங்குலப் பலகை நான்கு மடங்கு தாங்கும். இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. அதனால் ஒரு அங்குலச் சாரப் பலகையை ஒன்றின் மேல் ஒன்று சும்மா வைத்துவிட்டு இரண்டு அங்குலம் ஆகிவிட்டது என்று நினைக்கக்கூடாது. சேர்த்து இறுக்காவிட்டால் அவை தனித்தனிப் பலகைகள்தான். நடுவில் கணு உள்ள பலகை, பழைய ஆணித் துளை உள்ள பலகை, தோணியில் கிடந்து உப்பில் ஊறிய பலகை எல்லாம் அடுப்புக்கு நல்லது, இதற்கு வேண்டாம்.

இங்கே இன்னொரு சங்கடமும் உண்டு. நீளம் கூடினால் தள்ளுவது லேசு. ஆனால் நீளம் கூடக் கூடப் பலகை நடுவில் அதிகம் வளையும். இரண்டும் வேண்டும் என்றால் நடுவில் ஒரு முட்டுக் கொடுங்கள். சீமெந்துக் கல்லும் மேலே ஒரு மரத்துண்டும் போதும். முட்டுக் கொடுத்த 10 அடிப் பலகை, முட்டில்லாத 6 அடிப் பலகையைவிட எல்லா வகையிலும் நல்லது.

இரும்பு என்றால் நம் வெல்டிங் கடைகளில் பொக்ஸ் பாரில் அழகாகச் செய்து தருவார்கள். பலம் இருக்கும். ஆனால் பாரம். தூக்கி வைக்கவே இரண்டு பேர் வேண்டும். நம் ஊர் கடல் காற்றுக்கு வருஷம் ஒரு தடவை சுரண்டிப் பெயின்ட் அடிக்காவிட்டால் உள்ளே இருந்து அரித்துக்கொண்டு போகும், வெளியே தெரியாது. மேல் தகட்டுக்குப் பூப்போட்ட செக்கர் தகடு போடச் சொல்கிறவர்கள் அதிகம். காய்ந்த நேரத்தில் அது சரி. மாரி மழையில் சேறு ஒட்டினால் அது சவர்க்காரம் மாதிரி. கம்பி வலைத் தகடு போட்டால் சேறு கீழே விழுந்துவிடும், டயருக்குப் பிடி கிடைக்கும்.

அலுமினியம் லேசானது, ஒரு ஆளே தூக்கலாம். விலை கூட. கடையில் விற்கிற மடக்கு ரேம்ப்களில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். முதலாவது, எழுதியிருக்கிற எடை ஒற்றை ரேம்ப்புக்கா, சோடிக்கா என்று கேளுங்கள். நாலு சில்லு வாகனத்துக்காகச் சோடியாக விற்பதில் 340 கிலோ என்று போட்டிருந்தால், ஒன்றுக்கு அதில் பாதிதான். பைக் ஏறுவது ஒன்றில் மட்டும். பைக்கும் 70 கிலோ ஆளும் சேர்ந்தால் அந்தப் பாதியைத் தாண்டிவிடும். ஒற்றை ரேம்ப், பைக்கும் ஆளும் சேர்ந்த எடையைப்போல் இரண்டு மடங்காவது தாங்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டாவது, பிணைச்சலைப் பாருங்கள். அலுமினியத்தில் இரும்பு ஆணி போட்டிருந்தால் உப்புக் காற்றில் அந்த இரண்டும் சேருகிற இடத்தில்தான் முதலில் அரிக்கும்.

வளைந்த ரேம்ப் என்று ஒரு வகை இருக்கிறது. அது அழகுக்கு இல்லை. நேரான பலகை பெட்டியைத் தொடுகிற இடத்தில் ஒரு முனை உண்டாகிறது. முன் சில்லு பெட்டிக்குள் போனதும் பைக்கின் வயிறு அந்த முனையில் தட்டும். சைலன்சரும் என்ஜினின் அடியும் அங்கே உரசி நின்றுவிடும். முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. பலகை குட்டையாக இருந்தால் இது இன்னும் மோசம். வளைந்த ரேம்ப்பில் அந்த முனை மழுங்கிவிடுகிறது. நேரான பலகை என்றால் நீளத்தைக் கூட்டுவதுதான் வழி.

*கட்டாத பலகை பலகையே இல்லை*

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இது முக்கியம். என்ஜினைப் போட்டு, கிளச்சை விட்டு ஏற்றுகிறவர்கள் கவனியுங்கள். பின் சில்லு பைக்கை முன்னால் தள்ளுகிறது என்றால், அதே பலத்தோடு பலகையைப் பின்னால் தள்ளுகிறது. பலகை பெட்டியின் விளிம்பில் ஒரு அங்குலம் மட்டும் தொட்டுக்கொண்டு இருந்தால், பைக் ஏறாது, பலகைதான் கீழே இறங்கும். பைக்கின் பாரம் ஏற ஏற வாகனத்தின் பின்பக்கம் தாழ்வதும் உண்டு, அப்போதும் பலகையின் முனை இடம் மாறும்.

ஆகவே பலகையின் மேல் முனையில் கொக்கியோ, இரண்டு துளையோ இருக்க வேண்டும். அதில் சங்கிலியோ பெல்ட்டோ போட்டு வாகனத்தோடு இறுக்கிக் கட்ட வேண்டும். கீழ் முனை மணலில் புதையாமல் ஒரு தட்டைக் கல் வேண்டும். வாகனத்துக்கு ஹேண்ட் பிறேக்கும் சில்லுக்குக் கல்லும் வேண்டும். இந்தக் கட்டு ஐந்து நிமிஷ வேலை. நான் மேலே சொன்ன பையனின் பலகைக்கு அந்த ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லை.

*காசில்லாத ரேம்ப்*

இதைச் சொல்லாமல் விட்டால் பதிவு முழுமையாகாது. மிகவும் மலிவான ரேம்ப் நம் காலுக்குக் கீழே இருக்கிறது. வாய்க்கால் கட்டு, வயல் வரம்பு, உயரமான றோட்டின் ஓரம், பழைய கடைகளின் முன்னால் இருக்கிற உயர்ந்த திண்ணை. லொறியின் பின்பக்கத்தைப் பள்ளத்தில் இறக்கி, பைக்கை மேட்டில் நிறுத்தினால் இரண்டரை அடி ஒரு அடியாகக் குறைந்துவிடும். 8 அடிப் பலகையில் ஒரு அடி ஏற்றுவது என்றால் 150 கிலோ பைக்குக்கு 19 கிலோதான். புகையிரத மேடையிலிருந்து சாமான் பெட்டிக்குள் ஏற்றும்போது யாரும் மூச்சு வாங்குவதில்லை, காரணம் இதுதான். பலகையைத் தேடுவதற்கு முன் மேட்டைத் தேடுங்கள்.

*இறக்குவதுதான் ஆபத்து*

ஏற்றும்போது எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். இறக்கும்போது வீடு வந்த சந்தோஷம். பின்னால் இறங்குகிற பைக்கில் முன் பிறேக்கை மட்டும் நம்பக்கூடாது. பாரம் முழுவதும் பின் சில்லுக்குப் போய்விடுவதால் முன் சில்லுக்குப் பிடி குறைவு, அது இழுபடும். பின் பிறேக் வலது காலில் இருக்கிறது, இடது பக்கம் நடந்து வருகிறவனுக்கு எட்டாது. அதனால் என்ஜினை நிறுத்தி, முதல் கியரில் போட்டு, கிளச்சையே பிறேக்காகப் பாவியுங்கள். கிளச்சைப் பிடித்தால் நகரும், விட்டால் நிற்கும். ஏறத் தெரிந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

பைக்குக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. பக்கத்தில்தான் நிற்க வேண்டும். சாய ஆரம்பித்துவிட்டால் விட்டுவிட வேண்டும். இந்தக் கடைசி வசனத்தை வீட்டில் பெரியவர்கள் வாயால் சொல்ல வேண்டும். "வாப்பா ஏசுவாரே" என்ற பயத்தில்தான் பிள்ளை விழுகிற பைக்கைத் தாங்கப் பார்க்கிறான். "பைக் போனால் போகட்டும், நீ விலகு" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

*"நாலு பேர் இருந்தால் தூக்கலாமே"*

வரும் பதில்கள் எனக்குத் தெரியும். முதல் பதில் இதுதான். 150 கிலோவை நாலு பேர் தூக்கினால் ஆளுக்கு 37 கிலோ என்பது கொப்பியில் வரும் கணக்கு. உண்மையில் என்ஜின் பக்கம் நிற்கிறவனுக்குக் கூடவும் ஹெண்டில் பக்கம் நிற்கிறவனுக்குக் குறையவும் போகும். குனிந்து, திரும்பி, பிடிக்க வசதியில்லாத சாமானைத் தூக்குகிறார்கள். நல்ல 8 அடிப் பலகையில் இரண்டு பேர் தள்ளினால் ஆளுக்கு 24 கிலோ, அதுவும் நிமிர்ந்து நின்று. நாலு பேரைத் தேடி நிற்கிற நேரத்தில் பலகையைக் கட்டி முடித்துவிடலாம்.

இரண்டாவது, "அது லொறிக்காரனின் வேலை." நியாயம். அப்படியானால் வாடகை பேசும்போதே கேளுங்கள். "எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன், "பலகை இருக்கா, கட்டுறதுக்கு பெல்ட் இருக்கா?" என்று கேளுங்கள். ஊரில் பத்துப் பேர் இதைக் கேட்க ஆரம்பித்தால் பதினோராவது ஆளுக்கு லொறிக்காரர் பலகையோடுதான் வருவார். பலகையோடு வருகிறவருக்கு ஐநூறு ரூபா கூடக் கொடுப்பதில் தவறில்லை. ஆஸ்பத்திரிச் செலவைவிட அது குறைவு.

மூன்றாவது, "வருஷத்துக்கு ஒரு தடவைக்கு யார் காசு போட்டு வாங்குவது?" இது உண்மையான கேள்வி. இதற்குத்தான் இந்தப் பதிவே.

*ரேம்ப் ஒரு காலத்தில் பொதுச் சொத்து*

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு ரேம்ப் புதிது இல்லை. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை நாம் தினமும் ரேம்ப்பில்தான் ஏறி இறங்கினோம். பாதையின் முன் தட்டு இறங்கும். பஸ், லொறி, பைக், சைக்கிள், தலையில் சுமையோடு மனிதர் எல்லோரும் அதன் மேல்தான் போனோம். மட்டக்களப்பு வீதியில் ஒரு பாதை இல்லை, ஒன்றன் பின் ஒன்றாகப் பல பாதைகள் இருந்தன. இன்று 396 மீற்றர் பாலத்தில் ஒரு நிமிஷத்தில் போய்விடுகிற பிள்ளைகளுக்கு "பாதை" என்றால் படகு என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அந்தத் தட்டை யாரும் தன் வீட்டிலிருந்து கொண்டுவரவில்லை. அது எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அதை இறக்கவும் ஏற்றவும் ஒரு ஆள் இருந்தார், எப்போது ஏறலாம், எப்போது நில் என்று சொல்ல ஒரு குரல் இருந்தது.

அதே பாதை எங்களுக்கு வேறு ஒன்றையும் சொல்லிக் கொடுத்திருக்கிறது. 2021 நவம்பர் 23, குறிஞ்சாக்கேணி. பாலம் கட்டும் வேலைக்காக மாற்று ஏற்பாடாக ஓடிய மிதப்பு கவிழ்ந்தது. பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஆறு பேரின் உயிர் அன்றே போனது. ஒரு பைக் பலகையை அந்தத் துயரத்தோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வராது. அன்று போன பிள்ளைகளின் குடும்பங்கள் இதை வாசிக்கக்கூடும் என்ற நினைவோடுதான் எழுதுகிறேன். ஆனால் அன்று ஊரே ஒரே குரலில் சொன்னது என்ன? "இப்போதைக்குச் சமாளிப்போம்" என்ற ஏற்பாடு இனி வேண்டாம் என்றுதானே? அந்த வார்த்தையைப் பெரியவர்களிடமும் அதிகாரிகளிடமும் மட்டும் கேட்டுவிட்டு, நம் வீட்டு வாசலில் மட்டும் சாரப் பலகையை வைத்துச் சமாளிக்கலாமா?

*என் வேண்டுகோள்*

நம் பள்ளிவாசல்களிலும் சங்கங்களிலும் பொதுச் சாமான்கள் இருக்கின்றன. ஜனாஸாவுக்குச் சந்தூக்கு இருக்கிறது. கந்தூரிக்குப் பெரிய சட்டிகள் இருக்கின்றன. கல்யாணத்துக்குக் கதிரை, கூடாரம் இருக்கிறது. இவற்றை எந்த வீடும் தனியாக வாங்கி வைப்பதில்லை. எல்லோருக்கும் எப்போதாவது தேவைப்படும் என்பதால் எல்லோரும் சேர்ந்து வாங்கி ஒரு இடத்தில் வைத்திருக்கிறோம். அந்த வரிசையில் ஒரு ரேம்ப்பும் சேரட்டும்.

என்ன மாதிரி? நான் சொல்வது இது. பட்டாவுக்கும் சின்ன லொறிக்கும் பொருந்துகிற மாதிரி 10 அடி நீளம், தூக்க வசதியாக இரண்டு துண்டாகப் பிரித்து நடுவில் முட்டுக்கால் வைத்தது. நடுவில் டயருக்கு ஒரு தடம், ஒரு பக்கத்தில் ஆள் ஏறக் குறுக்குச் சட்டத்தோடு இன்னொரு தடம். வழுக்காத வலைத் தகடு. மேல் முனையில் கொக்கி, அதோடு நிரந்தரமாகப் பூட்டிய சங்கிலி. கூடவே பைக்கைக் கட்ட நாலு பெல்ட்டும் சில்லுக்கு வைக்க இரண்டு மரக்கட்டையும். எவ்வளவு தாங்கும் என்பதை அதன் மேலேயே பெயின்ட்டில் எழுதி வைக்க வேண்டும். செலவு எவ்வளவு வந்தாலும் அதை மஹல்லாவில் உள்ள வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு வருவது ஒரு நாள் பேச்சுக்குப் போடுகிற ரீலோட் அளவுதான் இருக்கும்.

இது பைக்குக்கு மட்டும் உதவுவது இல்லை. குளிர்சாதனப் பெட்டி ஏறும். தையல் மெஷின் ஏறும். சின்னத் தண்ணீர்ப் பம்பும் லாண்ட்மாஸ்டர் சாமான்களும் ஏறும். நம் ஊரில் எல்லா மதத்தவரும் ஒரே கராஜுக்கும் ஒரே லொறிக்கும்தான் போகிறோம். பள்ளிவாசல் வாங்கினாலும் கோயில் வாங்கினாலும் விளையாட்டுக் கழகம் வாங்கினாலும் கேட்டு வருகிற எவருக்கும் கொடுக்க வேண்டும். யார் எடுத்தார், எப்போது திருப்பித் தந்தார் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் போதும்.

வெல்டிங் வேலை தெரிந்த தம்பிமாரே, உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். ஒரு நாள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய், உங்கள் பக்கத்தில் ஓடுகிற பட்டா, லொறி, உழவு மெஷின் பெட்டிகளின் உயரத்தை அளந்து எழுதுங்கள். எந்த உயரத்துக்கும் பொருந்துகிற மாதிரி ஒன்றை வரைந்து, இரும்புக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று ஒரு கணக்கையும் போட்டுத் தாருங்கள். அந்தக் கணக்கோடு வருகிற முதல் ஆளைக் கூட்டிக்கொண்டு எங்கள் மஹல்லா நிர்வாகத்திடம் நான் வருகிறேன். முதல் பங்கு என் சம்பளத்திலிருந்து.

அதுவரைக்கும், இந்த வாரம் யாராவது பைக் ஏற்றப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து பலகையைக் கட்டிவிட்டு ஏற்றுங்கள்.